அம்மாவுக்குக் கொடுத்த பழைய போன்

எங்கள் வீட்டில் சேலை அம்மாவிடமிருந்து எனக்கு வரும். போன் என்னிடமிருந்து அம்மாவுக்குப் போகும். கண்டியில் நாங்கள் இருக்கிற மஹய்யாவவில் எனக்குத் தெரிந்த அநேக வீடுகளில் இதுதான் வழக்கம். பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் எப்பாடுபட்டாவது ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். திரையில் கீறல் விழுந்து, மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிப் போகிற பழையது தாயின் கைக்கு வந்து சேரும். தாய்மார் அதைக் குறையாக நினைப்பதில்லை. கேம்பஸ் போகிற பிள்ளை பாவித்த போன் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பா எனக்குப் புதுப் போன் வாங்கித் தந்தார். அப்பா கொழும்பில் லொறி ஓட்டுகிறார், மாதத்தில் இரண்டொரு தடவை வந்துபோவார். அம்மா கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். நான் ஒரே பிள்ளை. பழைய போனை அம்மாவிடம் கொடுக்கும்போது, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துச் சுத்தமாக்கித் தருகிறேன் என்றேன்.

“ஐயோ, ஒண்ணையும் அழிச்சுராத புள்ள. இருக்கிறபடி குடு. பொறகு எனக்கு எது எங்க இருக்குன்னு தெரியாது” என்றார் அம்மா.

சரியென்று என் சிம்மையும் படங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு கொடுத்துவிட்டேன். ரீல்ஸ் பார்க்கிற செயலியில் என் கணக்கு திறந்தபடியே கிடந்தது. அது எந்தச் செயலி என்று பெயர் சொல்லத் தேவையில்லை, உங்கள் போனிலும் இருக்கும். அந்தக் கணக்கை மூட வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உயர்தரப் பரீட்சையில் தகவல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாகச் செய்து நல்ல பெறுபேறு எடுத்தவள் நான். சிரிப்பதென்றால் இந்த இடத்திலேயே சிரித்துவிடுங்கள்.

கொஞ்ச நாளில் என் புதுப் போனில் விநோதமான காட்சிகள் வர ஆரம்பித்தன. சேலை ஜாக்கெட்டுக்குப் பின்கழுத்து வெட்டுவது எப்படி, கருவாட்டுக் குழம்பு, முருகன் பாட்டு, மூட்டுவலி எண்ணெய். நான் இதையெல்லாம் தேடியதே இல்லை. “உனக்குக் கலியாண வயசு வந்திட்டுது எண்டு போனுக்கே விளங்கிட்டுது” என்று என் அறைத்தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் யாழ்ப்பாணத்துப் பெண். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருவரும் சேர்ந்து ஒரு போர்டிங் அறை எடுத்திருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். நூலகம், குழுவேலை என்று வீட்டில் காரணம் சொல்லியிருந்தேன். உண்மையில் எனக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு தேவைப்பட்டது. வீட்டில் எனக்கென்று அப்படியொரு கதவு இல்லை.

அந்தக் கதவை மூடிக்கொண்டு நாங்கள் என்ன பார்த்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பெரிய பிள்ளையானபோது சொந்தக்காரரையெல்லாம் கூட்டிச் சடங்கு செய்து சாப்பாடு போட்டார்கள். அதற்குப் பிறகு என்ன என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாடசாலையில் அந்தப் பாடம் வந்தபோது ஆசிரியை, “இத வீட்டுல வாசிச்சுக்கங்க” என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். வீட்டிலே யாரிடம் வாசிப்பது? மிச்சத்தை எனக்குச் சொல்லித் தந்தது போன்தான்.

போன் இரண்டு குரலில் பேசியது. ஒரு குரல் கண்ணாடி போட்ட ஒரு பெண் டொக்டருடையது. நல்ல தமிழில், வெட்கப்படாமல், சமையல் குறிப்புச் சொல்கிற அதே சாதாரணத் தொனியில் உடம்பைப் பற்றிப் பேசுவார். கருத்தடை என்றால் என்ன, எது நோய், எது நோய் இல்லை, ஒரு முறை சரியென்றவள் அடுத்த முறை வேண்டாம் என்று சொல்லலாம், விருப்பம் இருக்கிறதா என்று முதலில் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு அவரைக் கேட்டிருக்கிறேன். அவருக்கு நான் யாரென்று தெரியாது. இருந்தாலும் அவருக்கு என் நன்றி உண்டு.

மற்றக் குரலுக்கு முகமே கிடையாது. எங்கள் வயதுச் சோடிகள் ஹோட்டல் பல்கனியில் நின்று சிரிப்பார்கள். கேட்டதைக் கொடுக்காவிட்டால் அது காதலா என்று ஒருவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்பான். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் ஆமாம் போடுவார்கள். எங்கள் கேம்பஸ் பிள்ளைகள் நடத்திய ஒரு பக்கமும் இருந்தது. பெயர் போடாமல் யாரும் அதில் எதையும் எழுதலாம். யார் யாரோடு எந்த அறைக்குப் போனார்கள், கையைத் தொட்டாலே அழுகிற பட்டிக்காடு யார் என்றெல்லாம் அதில் வரும். அதைத் தினமும் வாசித்தால், எங்கள் பாட்ச்சில் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டார்கள், நான் ஒருத்திதான் பாக்கி என்று தோன்றும். கடைசி வருடத்தில் பெண்பிள்ளைகள் மனம்விட்டுப் பேசியபோதுதான் தெரிந்தது, அநேகமாக ஒவ்வொருத்தியும் அதே மாதிரித் தான்தான் கடைசி என்று நினைத்திருக்கிறாள். எங்களை இப்படி ஏமாற்றியது யார் என்று எனக்கு அன்று கோபம் கோபமாக வந்தது. திட்டுவதற்கு ஆள்தான் அகப்படவில்லை.

நான் பழகியவன் எனக்கு ஒரு வருடம் சீனியர். குண்டசாலையில் வீடு, தகப்பனுக்கு அங்கே ஒரு கடை. சரஸ்வதி பூசைக்கு மண்டபம் சோடிக்கும்போது பழக்கமானான். வாழைமரம் கட்டுவதற்கு ஏணியில் ஏறி நின்றவன், கீழே கயிறு பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “நீ அழகு, தெரியுமா?” என்றான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதுவரை அந்தச் சொல்லை யாரும் எனக்கு நேராகச் சொன்னதில்லை. வீட்டில் “தலைக்கு எண்ணெ வையி”, “வெயில்ல போய்க் கறுத்துட்ட” என்பதோடு சரி. அன்று கயிற்றை விட்டுவிட்டேன். வாழைமரம் ஒருபக்கம் சாய்ந்து, எல்லோரிடமும் ஏச்சு வாங்கினேன்.

பிறகு கண்டி வாவியைச் சுற்றி நடந்தோம். அங்கே குடைக்குள் உட்கார்ந்திருக்கிற சோடிகளைக் கேலி செய்துகொண்டே நடந்து, ஒரு நாள் மழை வந்தபோது நாங்களும் குடைக்குள் உட்கார்ந்தோம். கை பிடித்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அதற்காக நான் இன்றும் வெட்கப்படவில்லை.

சில மாதங்களில் அவன் படம் கேட்க ஆரம்பித்தான். “எல்லாரும் அனுப்புறாங்க. உனக்கு எம்மேல நம்பிக்கை இல்லையா?” என்று அந்த ரீல்ஸ் செயலியிலேயே எழுதுவான். மாட்டேன் என்றால் அன்று முழுக்கப் பேச மாட்டான். அடுத்த நாள் எங்கேயாவது பார்த்த ரீல் ஒன்றை அனுப்புவான். அதில் ஒருத்தி தன் காதலனுக்காக எதையோ செய்து காட்டுவாள். கடைசியில் ஒரு படம் அனுப்பினேன். அவன்மீதிருந்த பிரியம் பாதி, பட்டிக்காடு என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம் பாதி. உடை மாற்றும்போது எடுத்த படம். முகம் தெரிந்தது. இதற்கு மேல் விவரம் இங்கே தேவையில்லை.

அவன் அதோடு நிற்கவில்லை. டவுனில் ஒரு அறை பார்த்திருப்பதாகவும் ஒரு சனிக்கிழமை வர வேண்டும் என்றும் கேட்டான். அந்த டொக்டர் சொன்ன கேள்வியை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். எவ்வளவு தேடியும் எனக்குள் அந்த விருப்பம் இல்லை. இல்லை என்று எழுதினேன்.

மறுநாள் மத்தியானம் கன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: நீ சனிக்கிழமை வராட்டி அந்தப் படம் கேம்பஸ் பேஜ்ல வரும், பொறகு அழாத. எதிரே இருந்த அறைத்தோழியிடம் போனை நீட்டினேன். அவள் வாங்கிப் பார்ப்பதற்குள் திரையில் ஒன்றும் இல்லை. அனுப்பியதை அவன் திரும்ப எடுத்துவிட்டான். அடுத்தடுத்த நாட்களிலும் அதையேதான் செய்தான். அனுப்புவான், நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் எடுத்துவிடுவான். பயத்தில் அதைப் பிடித்து வைக்கவும் எனக்குத் தோன்றாது. இதையும் அவன் போனில்தான் எங்கேயோ கற்றிருக்க வேண்டும்.

“நீ சொன்னாக் காணும், எனக்குச் சாட்சி தேவையில்லை. ஆனா பொலிசுக்குப் போறதெண்டால் ஏதும் காட்டோணும். முதல்ல அம்மாவுக்குச் சொல்லு” என்றாள் தோழி.

“செத்தாலும் சொல்ல மாட்டேன்” என்றேன்.

படம் அந்தப் பக்கத்தில் வந்தால் பின்னேரத்துக்குள் மஹய்யாவவுக்கு வந்துவிடும். அப்பா ஒன்றும் அடிக்கமாட்டார். “படிச்சது போதும்” என்பார், அதோடு முடிந்தது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அம்மா நாள் முழுக்க ஊர்ச் சனத்துக்கு முன்னால் நின்று சேலை விரித்துக் காட்டுகிறவர். நாளைக்கு அவர்கள் சேலையைப் பார்ப்பார்களா, அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்களா? இதையெல்லாம் போட்டுக் குழப்பி, வெள்ளிக்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். போய்விட்டு வந்துவிடலாம், அதோடு அவன் அடங்கிவிடுவான். வருகிறேன் என்று அவனுக்கு எழுதியும்விட்டேன். அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமான முடிவாகவே பட்டது.

அன்று மத்தியானம் அம்மா போன் எடுத்தார். வழக்கமாகச் சாப்பிட்டாயா என்றுதான் தொடங்குவார்.

“நாளைக்கு எங்கயும் போக வேணாம். இப்பவே வீட்டுக்கு வா” என்றார்.

நாளைக்கு நான் போகப் போகிறேன் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? பஸ் முழுக்க இதையே யோசித்துக்கொண்டு போனேன். அம்மா கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சார்ஜ் வயர் எட்டுகிற இடம் அது. பழைய போனை வயரோடு என் கையில் தந்தார். திறந்து பார்த்தேன். திரையைப் படம்பிடித்த படங்கள், வரிசையாக. அவன் எழுதியவை எல்லாம் இருந்தன. அவன் திரும்ப எடுத்தவையும் இருந்தன.

நியாயமாகப் பார்த்தால் நான் அம்மாவின் காலில் விழுந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம்.

“என் மெசேஜ எல்லாம் வாசிச்சீங்களா? எவ்வளவு நாளா?”

“நீதானே குடுத்த. மொதல்ல எல்லார் போன்லயும் இப்பிடித்தான் வரும்னு நெனச்சேன். பொறகுதான் அவன் எழுதுறது உனக்குன்னு வெளங்குச்சு.”

“வெளங்கின ஒடனே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ எல்லாத்தையும் பூட்டிருவ. பொறகு உனக்கு ஒண்ணுன்னா எனக்கு எப்பிடித் தெரியும்?”

அம்மா செய்தது சரியா பிழையா என்று இன்றுவரை என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. என் தோழி பிழை என்கிறாள், நானும் சில நாட்களில் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தப் படங்களைப் பார்த்தபோது, ஒரு கிழமையாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதும் உண்மை.

“இதையெல்லாம் எதுக்குப் படம் புடிச்சீங்க?” என்று கேட்டேன்.

“இங்கிலீசு எழுத்துல தமிழ எழுதுறீங்க. நான் எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள கடைக்கு ஆள் வந்துரும். அதான் படம் புடிச்சு வச்சுக்கிட்டு டீ குடிக்கிற நேரத்துல வாசிப்பேன். இப்ப கொஞ்ச நாளா சிலது தன்னாலயே காணாமப் போவுது. என் வெரல் பட்டுத்தான் அழியுதோன்னு பயந்துட்டேன். அதுலருந்து வந்த கையோட படம் புடிச்சிருவேன்.” பிறகு, “அந்த டாக்டரம்மாவும் சொன்னாங்களே, யாராச்சும் வெரட்டினா எதையும் அழிக்காம வச்சிருக்கணும்னு” என்றார்.

“எந்த டொக்டரம்மா?”

“கண்ணாடி போட்டுக்கிட்டு வருவாங்களே. நல்ல மனுசி. எனக்கே பல விசயம் இப்பத்தான் தெரிஞ்சுச்சு புள்ள. எனக்கு யாரு சொன்னா?”

கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஒளித்து ஒளித்துக் கேட்டவரை, அம்மா புடவைக் கடையின் பின்கட்டில் டீயைக் குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகையாக மாறியது. அம்மா சோறு போட்டார்.

தோழிக்குச் சொன்னபோது நேரே பொலிசுக்குப் போகச் சொன்னாள், தானும் வருவதாகச் சொன்னாள். அம்மா போனை வாங்கிப் பேசினார். “போவோம்மா. ஆனா அந்த வீட்டுலயும் ஒரு தாய் இருப்பாங்கல்ல. மொதல்ல அவங்க காதுல போடுவோம். கேக்கலேன்னா திங்கக்கெழம பொலிசுதான். நீங்க வர வேணாம், கூட்டமாப் போனா சண்டைக்குப் போற மாதிரி இருக்கும்.”

சனிக்கிழமை அவன் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன் போய்விட வேண்டும் என்று காலையிலேயே இறங்கினோம். அம்மா கலியாணவீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார். என்னையும் நல்ல சல்வார் போடச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் ஆப்பிளும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் வாங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, நம்மள மெரட்டினவன் வீட்டுக்கு எதுக்கு ஆப்பிள்?”

“மொத மொத ஒரு வீட்டுக்குப் போறோம். வெறுங்கையோடயா போறது?”

அம்மாவின் சில சட்டங்களை மாற்ற எந்தக் கேம்பஸாலும் முடியாது.

கதவைத் திறந்தது அவனுடைய அம்மா. சேலை, பழம், பிஸ்கட், பக்கத்தில் உடுத்து நிற்கிற வயசுப்பிள்ளை. “உங்க மகனோட படிக்கிற புள்ளைங்க” என்று அம்மா சொன்னதும் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என்ன நினைத்துவிட்டார் என்று எனக்கு உடனே விளங்கியது, அம்மாவுக்கு விளங்கவில்லை. “வாங்க வாங்க, உக்காருங்க” என்று நல்ல கதிரையாகப் பார்த்து இழுத்துப் போட்டார். என்னை மேலிருந்து கீழே ஒரு தரம் பார்த்தார். தேநீர் வந்தது, முறுக்கு வந்தது. “எந்த ஊரு?” என்று கேட்டார்.

“மஹய்யாவ.”

“மஹய்யாவயில எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்வி எங்களுக்குப் பழக்கம். கேட்பது பாதையை அல்ல, சாதியை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நாங்க சம்பந்தம் பேச வரலங்க. தம்பியக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவரு எழுதுனத அவருக்கே வாசிச்சுக் காட்டணும்.”

அவன் குளித்து, வாசனை பூசி, வெளியே போக ஆயத்தமாக வந்தான். எங்களைக் கண்டதும் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்தார். என்னிடம் கொடுத்திருந்தால் நான் ஒரு மூச்சில் வாசித்திருப்பேன். அம்மா எழுத்துக் கூட்டி வாசித்தார். “நீ... சனிக்... கெழம... வராட்டி... அந்த... படம்...” ஒவ்வொரு சொல்லும் அந்த ஹோலில் தனித்தனியாக வந்து விழுந்தது. பிழையாக வாசித்த இடத்தில் நின்று, திரும்ப முதலிலிருந்து வாசித்தார். அடுத்த படத்துக்குப் போய் அதையும் வாசித்தார். அவனுடைய அம்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“சும்மா வெருட்டத்தான்... போடுற எண்ணம் இல்ல” என்றான் அவன். “எல்லாரும் இப்பிடித்தான்மா...”

“எல்லாருன்னா யாருடா?” என்று அவனுடைய அம்மா கேட்டார். அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். ஏணியில் நின்றவனின் முகம்தான். அவனும் ஏதோ ஒரு பக்கத்தை வாசித்துத் தான்தான் கடைசி ஆண்பிள்ளை என்று நினைத்திருப்பான். பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அதே பயம் எனக்கும் இருந்தது, நான் யாரையும் மிரட்டவில்லை. அதனால் அந்த இரக்கத்தை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

அவனுடைய அம்மா அவன் கையிலிருந்த போனை வாங்கி, எதை அழுத்துவதென்று தெரியாமல், என்னிடம் நீட்டினார். “நீங்களே பாத்து அழிச்சிருங்கம்மா.” அழித்தேன். அழித்தவை போய்க் கிடக்கிற இடத்திலும் தேடி அழித்தேன். வேறு யாருக்காவது அனுப்பினாயா என்று கேட்டேன், இல்லையென்று தலையாட்டினான்.

“எங்கயாச்சும் வந்துச்சுன்னா இதெல்லாம் எங்கிட்ட இருக்குங்க” என்று அம்மா தன் போனைத் தொட்டுக் காட்டினார். குரல் உயரவில்லை.

எழுந்தபோது அந்த அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “ரெண்டு பேரும் பழகியிருக்குதுங்க. பேசாம நம்ம பெரியவங்க பேசி முடிச்சிருவோமா? ஒரு கெட்ட பேரும் வராது.” எந்தப் பக்கம் என்ற கேள்விக்குக்கூட இனிப் பதில் வேண்டாம் என்கிற அளவுக்கு அவர் இறங்கி வந்திருந்தார். எத்தனையோ வீடுகளில் இந்த இடத்தில் சரியென்றுதான் சொல்வார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

“வேணாங்க. எம்புள்ளைக்கு இன்னும் படிப்பு இருக்கு” என்றார் அம்மா.

அந்தப் படம் எங்கும் வரவில்லை. பல மாதம் காலையில் எழும்பியதும் பயந்து பயந்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறேன், வரவில்லை. நான் படித்து முடித்தேன். இப்போது கண்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை. என்னோடு வேலை செய்கிற பிள்ளைகள் போனைப் பார்த்து முகம் வெளிறி உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் என்னவென்று கேட்கிறேன். போன்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று யாராவது மேடையில் பேசினால் எரிச்சல் வருகிறது. என்னை அந்தக் குழியில் தள்ளியதும் போன்தான், அந்தக் கண்ணாடி டொக்டரைக் கொண்டுவந்து காட்டியதும் போன்தான். கடவுளுக்கும், தோழிக்கும், டொக்டருக்கும் என்று நன்றி சொல்ல ஆள் நிறைய உண்டு. எல்லாவற்றையும்விட என் மனதில் நிற்பது அன்று குண்டசாலையிலிருந்து திரும்பி வந்த பஸ்.

சனிக்கிழமை என்பதால் சனம் அதிகம். அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் கிடைத்தது. பஸ் மகாவலிப் பாலத்தைத் தாண்டியது.

“அப்பாகிட்ட சொல்லுவீங்களா?” என்று கேட்டேன்.

“அவருக்கு என்னத்துக்கு? லொறி ஓட்டுற மனுசன்.”

கொண்டக்டர் வந்து போனார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் போனில் எல்லாம் வந்திருக்கிறது என்றால் அதுவும் வந்திருக்கும். வெளியே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“அந்தப் படத்தப் பாத்தீங்களா?”

அம்மா திரும்பவில்லை. “பாத்தேன்.”

அடுத்து என்ன வரும் என்று தெரியும். வெட்கம் கெட்டவள், உன்னை இதுக்கா படிக்க வைத்தேன். எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“அழகா இருந்த” என்றார் அம்மா. “நீ பொறந்ததுலருந்தே அழகுதான். பெத்தவ கண்ணுதான் மொதல்ல படும்னு சொல்லுவாங்க. அதுக்குப் பயந்து நான் ஒரு நாளும் வாயத் தொறந்து சொல்லல. எவனோ ஒருத்தன் வந்து சொல்லி நீ தெரிஞ்சுக்க வேண்டியதாப் போச்சு.”

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். அம்மா அழாதே என்று சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, கையை எடுக்காமல், எல்லோருக்கும் முன்னால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.